வேலியோரம் நின்ற மாப்பிள்ளை

பந்து பிடிக்கிற வேலைக்கு ஆள் வைத்துச் சோறு போடுகிற நாடு ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியவந்தபோது வயது அறுபத்தொன்பது. அதுவரைக்கும் எனக்குத் தெரிந்த விளையாட்டு, தெருவில் பயல்கள் ஜன்னலை உடைக்கிற கிரிக்கெட் ஒன்றுதான். அதற்கே நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போவேன்.

சொன்னது என் கடைசி மகள். சென்னைப் பக்கம் கார் சாமான் செய்கிற கொரியாக்காரர்கள் கம்பெனியில், அவர்கள் பேச்சைத் தமிழிலும் நம் பேச்சைக் கொரியாப் பேச்சிலும் மாற்றிச் சொல்கிற வேலை பார்க்கிறாள். லீவில் பழங்காநத்தம் வீட்டுக்கு வந்தவள், அடுப்படியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொத்தமல்லியை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"அம்மா, எங்க கம்பெனியில ஒருத்தரு இருக்காரு. கொரியாக்காரரு. முன்னாடி பேஸ்பால் ஆடுனவரு."

"அப்படின்னா?"

"கட்டையால பந்தை அடிப்பாங்க. இவரு கடேசியில வேலியோரம் நின்னு புடிப்பாரு."

"பந்து பொறுக்குறவனா?"

"பொறுக்குறவரு இல்லம்மா, புடிக்கிறவரு. கீழ விழுந்தாத்தான் பொறுக்கணும். விழாம புடிக்கிறதுதான் அவரு வேலை."

"சரி, அவருக்கு இப்ப என்ன?"

அவள் கொத்தமல்லியைக் கீழே வைத்தாள். "கட்டுனா அவரைத்தான் கட்டுவேன். ஆனா நீ வாயத் தொறந்து சம்மதம்னு சொல்லணும். நீ சொல்லலேன்னா அவரும் வேணாம், வேற எவனும் வேணாம். இப்படியே இருந்துட்டுப் போறேன்."

முப்பத்திரண்டு வயது அவளுக்கு. ஆறு வருசமாக ஜாதகம் பார்த்து, வந்தவனையெல்லாம் காது பெரிசு, பேச்சு பெரிசு என்று கழித்தவள். சொன்னால் செய்வாள். என்னுடைய பிடிவாதம் அப்படியே அவளிடம் இருக்கிறது, அதனால் எனக்கு அது தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பரவைக்கு மேற்கே விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவதும் அப்படியே; அவசரப்படுகிறவர்களுக்கு என் எழுத்து ஒத்துவராது. சிம்மக்கல்லில் முப்பத்தாறு வருசம் வாழை இலைக் கடை நடத்தினேன். கல்யாண மண்டபத்துக்காரர்களும் மெஸ்காரர்களும் என்னிடம்தான் வாங்குவார்கள். இலைக்கட்டைப் பிரிக்காமலே, தூக்கிய கையிலேயே உள்ளே கிழிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். தோட்டத்துக்காரன் மேலே நாலு நல்ல இலையை வைத்து உள்ளே ஓட்டை இலையைச் சுருட்டி வைப்பான். "அண்ணே, நடுவுல என்னத்தப் பொதைச்சு வெச்சிருக்கீங்க?" என்பேன். அவன் முகம் செத்துப்போகும்.

மாப்பிள்ளை விசாரிப்பதும் எனக்கு அதே மாதிரிதான். எங்கள் பக்கத்தில் பொண்ணு கொடுக்கிறதுக்கு முன்னால் மாப்பிள்ளை ஊருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஆள் போய் விசாரிப்பது பழக்கம். நான் போனால் மூன்று பேரைக் கேட்பேன். அவர்கள் துணியைத் தேய்க்கிறவர், அவர்கள் வீட்டுக்குச் சாமான் கொடுக்கிற பலசரக்குக் கடைக்காரர், அவர்களோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி. மூன்றாவது ஆள் ரொம்ப முக்கியம். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை எடுத்துக்கொள்ள வேண்டும். மூத்த மகளுக்கும் தங்கச்சி பிள்ளைகளுக்கும் இப்படித்தான் விசாரித்தேன். ஒன்றும் சோடை போகவில்லை.

எனக்கு யாரும் இப்படி விசாரிக்கவில்லை. மில்லில் மேஸ்திரி வேலை என்று சொல்லி எனக்குக் கட்டி வைத்தார்கள். கல்யாணமான நாலாம் நாள்தான் தெரிந்தது, அவர் மில் வாசலில் வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருக்கிற ஆள் என்று. நல்ல மனுசன், குறை சொல்ல மாட்டேன், செத்தும் போய்விட்டார். ஆனால் அந்தப் பொய்யைச் சொன்ன கூட்டத்தில் நாற்பத்தைந்து வருசம் மருமகளாக இருந்தேன். பொய் சொல்லி ஒரு பொண்ணை எடுப்பதும் கொடுப்பதும் எனக்கு ஆகாது.

கொரியாவுக்குப் போய் யாரை விசாரிக்க? அங்கே துணி தேய்க்கிறவர் இருக்கிறாரா என்றே தெரியாது. அதனால் அவனையே வரச் சொன்னேன். எதிரே உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லட்டும், எங்கே இடறுகிறான் என்று நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

வந்தான். நெட்டை ஆள். வெயிலில் நின்று நின்று கருத்த முகம், எங்கள் பக்கத்து ஆள் மாதிரியே. கை மட்டும் முழங்காலுக்கு வந்துவிடும் போல நீளம். வாசலில் செருப்பைக் கழற்றி, திரும்பிப் போகும்போது போடுவதற்கு வசதியாக வெளியே பார்த்துத் திருப்பி வைத்தான். வந்த ஒரு நிமிசத்திலேயே போவதற்கு ஏற்பாடு செய்கிறானே என்று நினைத்துக்கொண்டேன். பிறகு இடுப்பை மடித்துக் குனிந்து கும்பிட்டான். குனிந்தவன் நிமிரவேயில்லை.

என் வீட்டுக்காரருடைய தங்கச்சி, என் நாத்தனார், பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். நல்லது கெட்டது எது என்றாலும் முதல் ஆளாக வந்து உட்காருவாள். "என்ன மதினி, எதையாச்சும் தொலைச்சுட்டாரா?" என்றாள். என் மகன் சிரித்தான். மகள் முறைத்தாள்.

அவனுக்குக் கம்பெனி கேன்டீனில் பழகிய தமிழ் கொஞ்சம் இருந்தது. சரிங்க, இல்லீங்க, சாப்டாச்சு, சாம்பார் வேணாம், இந்த மட்டும். மிச்சத்தை மகள் மாற்றிச் சொன்னாள். அப்பாவுக்குத் துறைமுகத்து ஊரில் கருவாட்டுக் கடை. பத்து வயதில் பள்ளிக்கூடத்து டீமில் சேர்த்துவிட்டார்கள். தலையை மொட்டை அடித்து, ஹாஸ்டலில் போட்டு, விடிந்தால் ஓட்டம், பொழுது போனால் கட்டையைச் சுழற்றுவது. கையெல்லாம் கொப்புளம். படிப்பு என்றால் வகுப்பில் உட்கார்ந்து தூங்குவதுதானாம்.

"அதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? தூங்குறதுக்கு வீடு இல்லையா?" என்றேன். மகள் அதை மாற்றிச் சொல்லவில்லை.

பிறகு பெரிய டீமில் எடுத்தார்கள், நடுவில் இரண்டு வருசம் பட்டாளம், அந்த நாட்டில் எல்லா ஆம்பளையும் போக வேண்டுமாம். திரும்பி வந்து எட்டு வருசம் ஆட்டம். அப்புறம் சொந்தக்கார மாமா இருக்கிற கம்பெனிக்கு வந்துவிட்டான். இதுதான் மகள் சொன்ன கதை.

எனக்கு ஒன்று உறுத்தியது. அவன் வண்டி நிறையப் பேசினான். இவள் ஒரு கைப்பிடி எடுத்துக் கொடுத்தாள்.

"என்னடி, அவன் அம்புட்டு நேரம் பேசுறான், நீ இம்புட்டுத்தான் சொல்ற?"

"அவங்க பேச்சு நீளம்மா. நம்ம பேச்சு சுருக்கம்."

நம்ம பேச்சு சுருக்கமாம்! இதை நாத்தனாரை வைத்துக்கொண்டு சொல்கிறாள்.

அந்த ஆட்டம் என்னவென்று தெரிந்துகொள்ளாமல் ஆளை எடைபோடக் கூடாது என்று, மகளுடைய போனில் அவன் ஆடிய வீடியோவைப் பார்த்தேன். ஒருத்தன் எறிகிறான். ஒருத்தன் கட்டையை ஓங்கிக்கொண்டு நிற்கிறான். பாதி நேரம் அடிப்பதே இல்லை. எறிகிறவன் தொப்பியைச் சரிபண்ணுகிறான், மண்ணைக் காலால் கீறுகிறான், எச்சில் துப்புகிறான். என் அப்பா வீட்டு மாட்டுக்குக்கூட இம்புட்டு ஓய்வு கிடையாது. கடைசியில், எங்கோ கண்ணுக்கு எட்டாத தூரத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். அவர்களில் நம்ம ஆள் ஒருத்தன். அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. கம்பங்கொல்லையில் கிளி விரட்ட நிற்கிற ஆளாவது நடுநடுவே தகரத்தைத் தட்டுவான்.

திடீரென்று ஒருத்தன் ஓங்கி அடித்தான். பந்து மேலே போனது. இவன் பந்தைப் பார்க்கவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு வேலியைப் பார்த்து ஓடினான். ஓடி, கடைசியில் திரும்பி, கையை நீட்டிப் பிடித்து, வேலியில் மோதிக் கீழே விழுந்தான். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. படம் பிடித்தவன் உடனே எறிந்தவனைக் காட்டினான். அவனை எல்லாரும் கட்டிப்பிடித்துத் தண்ணீரை ஊற்றிக் குதித்தார்கள். விழுந்தவன் எழுந்தானா இல்லையா என்றுகூட அந்தப் படத்தில் இல்லை.

"படம் புடிச்சவனே இவனைச் சட்டை பண்ணலை. இது ஒரு பொழப்பா?" என்றேன்.

"பாக்காமலே ஓடுனாருல்ல, அதைப் பாத்தியா? அடிக்கிற சத்தத்துலயே பந்து எங்க வந்து விழும்னு தெரியுமாம்."

"இன்னொரு வீடியோ காட்டு."

காட்டினாள். அதுவும் ஆட்டம் முடியப்போகிற நேரம். இன்னொன்று, அதுவும் அப்படியே.

"ஏண்டி, இவன் எப்பப் பாத்தாலும் முடியப்போறப்பதான் நிக்கிறான். முதல்ல எங்க போனான்?"

"எனக்குக் கிடைச்ச வீடியோ அம்புட்டுத்தாம்மா," என்று போனை வாங்கிக்கொண்டாள். இலைக்கட்டைத் தூக்கும்போது கையில் தட்டுப்படுமே, அது எனக்குத் தட்டுப்பட்டது. ஆனால் எங்கே கிழிசல் என்று பிடிபடவில்லை. அவனுக்குள் ஏதோ இருக்கிறது என்று அவனையே சந்தேகப்பட்டேன். இன்னும் இரண்டு தடவை வரவழைத்து அதே கேள்விகளைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். அவன் அதே மாதிரி வண்டி நிறையப் பேசினான். அவளும் அதே கைப்பிடிதான்.

நான் சம்மதம் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மகள் போனில் பேசும்போது அதைக் கேட்கவே மாட்டாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்பாள், வைத்துவிடுவாள். அப்படியே எட்டு மாதம் போனது. இதற்குள் அவனுடைய அப்பா அம்மா மகனைப் பார்க்க வருவதாகவும், அப்படியே எங்கள் வீட்டுக்கும் வருவதாகவும் தகவல் வந்தது. "வரட்டும். வந்து பேசட்டும். அன்னைக்கு என் முடிவச் சொல்றேன்," என்றேன். எனக்குள் இருந்த முடிவு, இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்பதுதான். கைக்கு உறுத்துகிற இலைக்கட்டை நான் ஒரு நாளும் கடையில் இறக்கி வைத்ததில்லை.

இங்கேதான் என் மகன் வேலையைக் காட்டினான்.

எங்கள் ஊரில் காதுகுத்து என்றாலும் ஃபிளெக்ஸ், கடை திறந்தாலும் ஃபிளெக்ஸ், நாய் குட்டி போட்டதற்கு வைக்காததுதான் பாக்கி. மகன், அம்மா எப்படியும் சம்மதித்துவிடுவாள் என்று அவனாக நினைத்துக்கொண்டு, தெருமுனையில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒன்றை வைத்துவிட்டான். காலையில் பால் வாங்கப் போன மருமகள் ஓடி வந்தாள். "அத்தை, வந்து பாருங்க. உங்க மகன் உலகத்தையே கூப்பிட்டு வெச்சிருக்காரு."

போய்ப் பார்த்தேன். நடுவில் ஒரு கொரியாக்காரன், கழுத்தில் தங்கச் சங்கிலி, கட்டையை ஓங்கிக்கொண்டு, பின்னால் நெருப்பு பறக்கிறது. மேலே, 'கொரியாவின் சிக்ஸர் மன்னனே வருக வருக'. கீழே வட்ட வட்டமாக எங்கள் சொந்தக்காரர்கள் முகம். என் மகன் முகம் எல்லாவற்றையும்விடப் பெரிசு, போனைக் காதில் வைத்துக்கொண்டு. என் படத்தை ஆதார் கார்டிலிருந்து எடுத்துப் போட்டிருந்தான். போலீஸ் தேடுகிற பொம்பளை மாதிரி இருந்தேன்.

"எவன் கேட்டான்டா ஒன்னைய?"

"அம்மா, பெருமை வேணாமா? அத்தை ஊரெல்லாம் என்ன சொல்லிக்கிட்டுத் திரியுது தெரியுமா? பந்து பொறுக்குறவனுக்குப் பொண்ணு குடுக்கப் போறாகன்னு."

அத்தை என்றால் நாத்தனார். அவள் சொன்னது நான் சொன்னதுதான். ஆனால் நான் சொன்னால் அது வேறு.

"இறக்குடா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வேன் வந்துவிட்டது.

வேனிலிருந்து முதலில் அவன் இறங்கினான். நிமிர்ந்து ஃபிளெக்ஸைப் பார்த்தான். அப்படியே நின்றான். பின்னால் அவன் அப்பா இறங்கினார். குட்டையான மனுசன், உப்புக்காற்றில் காய்ந்த முகம். அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். அந்தச் சொல் எனக்குப் புரியாவிட்டாலும் அதன் ருசி புரிந்தது. சந்தையில் சொத்தைச் சரக்கைப் பார்த்தால் நாங்கள் சொல்வோமே, அந்த ருசி.

"என்னடி சொல்றாரு?" என்றேன் மகளிடம்.

"அம்மா, அந்தப் படத்துல இருக்குறது இவரு இல்ல."

"என்னது?"

"அது வேற ஆளு. அந்த டீம்ல பெரிய ஆளு."

மகனைப் பார்த்தேன். அவன் மண்டையைச் சொறிந்தான். "கம்ப்யூட்டர்ல டீம் பேரைப் போட்டுத் தேடுனேன். இதுதாம்மா முதல்ல வந்துச்சு. நல்லா இருந்துச்சேன்னு..." பெண்ணெடுக்க வந்தவர் முகத்துக்கும் வேறொருத்தர் முகத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன், மூன்று தடவை அவனோடு உட்கார்ந்து டீ குடித்தவன்! நான் பெற்றது அது.

எல்லாரையும் வீட்டுக்குள் கூட்டி வந்தோம். கூடம் நிறையச் சொந்தம். நாத்தனார் ஃபேனுக்கு நேர் கீழே இடம் பிடித்திருந்தாள். தெருவில் நடந்தது அவள் காதுக்கு வர எம்புட்டு நேரம் ஆகும்? மகன் வாசலிலேயே அவன் தோளில் கையைப் போட்டுக் கெஞ்சுவது எனக்குக் கேட்டது. "மாப்ள, யாராச்சும் கேட்டா ஆமான்னு தலைய மட்டும் ஆட்டிருங்க. யாருக்குத் தெரியப்போகுது? கொரியாவுல இருந்து எவன் வந்து சொல்லப்போறான்? எங்க மானம் ஒங்க கையில இருக்கு."

நான் தடுக்கவில்லை. இது உண்மை. தலையை ஆட்டுகிறானா என்று பார்ப்போம், ஆட்டினால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வசதி, அப்படித்தான் நினைத்தேன்.

அவன் பாயில் உட்கார்ந்ததும் நாத்தனார் ஆரம்பித்தாள். "ஏந்தம்பி, தெருமுனையில அம்புட்டு ஜோராக் கட்டைய ஓங்கிக்கிட்டு நிக்கிறது நீங்கதானா?"

மகள் மாற்றிச் சொல்வதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது. கூடமே அவனைப் பார்த்தது. மகன் கதவுக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டிக் காட்டினான்.

"இல்லீங்க," என்றான் அவன். இந்த எட்டு மாதத்தில் கற்றுக்கொண்ட தமிழிலேயே சொன்னான். வார்த்தை தேடித் தேடி வந்தது. "அவரு பெரிய ஆளு. அவருக்கு முட்டி வலி. கடைசியில ஓட முடியாது. அப்ப அவரு வெளிய வருவாரு. நான் உள்ள போவேன். கொஞ்ச நேரம் நிப்பேன். ஆட்டம் முடிஞ்சிரும்."

"அப்ப முழு ஆட்டம்?"

"முழு ஆட்டம் இல்லீங்க. பெஞ்சுல உக்காருவேன்."

"எட்டு வருசமுமா?"

"எட்டு வருசமும்."

நாத்தனார் கையைத் தட்டினாள். "அடி ஆத்தி! ஒப்புக்குச் சப்பாணியா? இதுக்கா மதினி இம்புட்டுப் பெரிய போர்டு?"

கூடத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதமாக எனக்கு உறுத்திய கிழிசல் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அவன் ஒவ்வொரு தடவையும் முழுசாகத்தான் சொல்லியிருக்கிறான். நடுவில் உருவி எடுத்தது நான் பெற்றவள். கட்டு மாப்பிள்ளை வீட்டுக் கட்டு இல்லை, எங்கள் வீட்டுக் கட்டு. எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்கு வெட்கம் வருவது அபூர்வம், வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"முதல்ல இருந்து சொல்லச் சொல்லுடி. ஒரு வார்த்தை குறைஞ்சா ஒன் பல்லு குறையும்."

"அம்மா, எல்லாரும் இருக்காங்க..."

"இருக்கட்டும். இருக்கறதுக்குத்தான் வந்திருக்காக."

சொன்னான். அவளும் ஒரு வார்த்தை விடாமல் மாற்றிச் சொன்னாள். பெரிய டீமில் எடுத்தது நிசம்தான், ஆனால் கடைசிக்கு முந்தின பேராக. எடுத்ததும் பெரிய ஆட்டத்தில் இறக்கவில்லை. டீமுக்குக் கீழே இன்னொரு டீம் இருக்கிறதாம், அதில் ஐந்து வருசம். ஊருக்கு வெளியே ஒரு மைதானம், உச்சி வெயிலில் ஆட்டம், பார்க்க ஆள் கிடையாது, பையன்களுடைய அப்பா அம்மா நாலு பேர் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிறகு பட்டாளம். பிறகு மேலே கூப்பிட்டார்கள், பெஞ்சு. ஒரு நாள் ஆட்டமெல்லாம் முடிந்த பருவத்தில், ஆபீசு அறைக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்து, அடுத்த வருசம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் அங்கே சாமான் வைத்திருந்த பெட்டியைக் காலி செய்துகொண்டு பஸ் ஏறினான்.

"தொரத்திட்டாங்களா?" என்றேன்.

"ஆமாங்க."

"அம்புட்டு வருசம் ஓரமா உக்காந்திருந்தியே. கோவம் வரலையா?"

மகள் மாற்றிச் சொன்னாள். அவன் யோசிக்கவே இல்லை. "வந்துச்சுங்க. தினமும்."

"அப்புறம் எதுக்கு விடாமப் போன?"

"வேற வேலை தெரியாதுங்க."

இப்படி ஒரு பதிலை நான் எந்த மாப்பிள்ளையிடமும் கேட்டதில்லை. எல்லாப் பயலும் லட்சியம் என்பான், குடும்பச் சூழ்நிலை என்பான். இவன் வேற வேலை தெரியாது என்கிறான். எனக்கு வாழை இலையைத் தவிர வேறென்ன தெரியும்?

அப்போது அவன் அப்பா குறுக்கே ஏதோ பேசினார், வாசல் பக்கம் கையை நீட்டிக்கொண்டு, எரிச்சலாக. அவர் சம்சாரம் அவர் தொடையைக் கிள்ளினார்.

"என்னவாம்?" என்றேன்.

மகள் தயங்கினாள். என் முகத்தைப் பார்த்ததும் சொன்னாள். "அந்தப் பய எங்களை விடவே மாட்டேங்கிறான்னு சொல்றாரு. அங்கதான் எட்டு வருசம் எம் மகனுக்கு முன்னாடி நின்னான், இத்தனை கடல் தாண்டி வந்தா இங்கயும் எங்களுக்கு முன்னாடி வந்து நிக்கிறான்ங்கிறாரு."

சிரித்துவிட்டேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த மனுசனும் என்னைப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார். கருவாட்டுக் கடைக்காரர். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஆட்டத்தின் மேல் ஒரே மரியாதைதான் என்று தெரிந்தது. சம்பந்தி என்றால் இப்படி ஒரு ஆள்தான் எனக்குத் தோதுப்படும்.

"சிரிக்கிறீகளே மதினி," என்றாள் நாத்தனார். "ஊரு என்ன சொல்லும்? பெஞ்சுல உக்காந்தவனுக்குப் பொண்ணக் குடுத்தாகன்னு சொல்லாதா?"

"சொல்லட்டும்த்தா. பெஞ்சுல உக்காந்தேன்னு அவனே சொல்லிட்டான். மேஸ்திரின்னு சொல்லிக்கிட்டு வரல."

மேஸ்திரி என்று முதல் முதலில் என் அப்பாவிடம் வந்து சொன்னது அவளுடைய அம்மா. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாற்பத்தைந்து வருசத்தில் அந்த வார்த்தையை நான் அவள் முன்னால் எடுத்ததில்லை.

பேஸ்பால் என்ற ஆட்டத்தைப் பற்றி எனக்கு அன்றைக்கு இருந்த அபிப்பிராயம்தான் இன்றைக்கும். வளர்ந்த ஆம்பளைகள் செய்கிற காரியம் அது இல்லை. ஒரு மனுசனைப் பத்து வயதில் பிடித்து, படிக்க விடாமல், வேறு தொழில் பழக விடாமல், ஓட வைத்து, உட்கார வைத்து, முப்பது தாண்டியதும் ஒரு காபியைக் கொடுத்து அனுப்புகிறவர்களை நான் மதிக்க முடியாது. அந்தப் பெரிய ஆளையும் மதிக்க முடியாது. முட்டி வலி என்றால் வீட்டில் இருக்க வேண்டியதுதானே. ஆனால் அன்றைக்கு என்னிடம் கேட்டது ஆட்டத்தைப் பற்றி இல்லை. தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் சிக்ஸர் மன்னனாக எழுந்து போயிருக்கலாம். கூடம் நிறைய ஆள், வாசலில் மைத்துனன் கெஞ்சுகிறான், கல்யாணமே தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆட்டவில்லை. எங்கள் குடும்பத்தில் இருக்கிற ஆம்பளைகளை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். ஆட்டாமல் இருந்திருப்பான் என்று சொல்ல ஒருத்தனும் அகப்படவில்லை.

மகளைக் கூப்பிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இவரு சொன்னதை முழுசாச் சொன்னா நான் வேணாம்னு சொல்லிருவேன்னு நெனைச்சியாக்கும்?"

"சொல்லியிருக்க மாட்டியா?"

சொல்லியிருப்பேன்தான். அதை அவளிடம் ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. "ஒன்னைய அப்புறம் பேசிக்கிறேன்," என்றேன். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அவன் அப்பாவைப் பார்த்து, "எனக்குச் சம்மதம்" என்றேன்.

மகள் அதைக் கொரியாப் பேச்சில் சொல்லாமல் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவனே திரும்பி அவன் அப்பா அம்மாவிடம் சொன்னான். அந்த அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். என் மகன் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து ஏதோ தான் சாதித்த மாதிரி எல்லாருக்கும் கை கொடுத்தான்.

தட்டு மாற்றுவதற்கு மகனும் மருமகளும் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். தாலி இல்லாதவள் அந்த நேரத்தில் தள்ளி நிற்க வேண்டும் என்பது வழக்கம், நானும் அடுப்படி வாசலில் தள்ளித்தான் நின்றேன். அந்தக் கொரியா அம்மா, எங்கள் வீட்டில் கொடுத்த தட்டைப் பிடித்துக்கொண்டு, பூவையும் பழத்தையும் எடுத்து எடுத்து அழகு பார்த்து மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். வெற்றிலையைத் தலைகீழாக வைத்துவிட்டார். நுனி இருக்க வேண்டிய பக்கம் காம்பு இருந்தது. மருமகள் கவனிக்கவில்லை. மகனுக்கு எது காம்பு என்று தெரியாது. நாத்தனார் பார்த்துவிட்டாள், பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள், யார் போய்ச் சொல்கிறார்கள் பார்ப்போம் என்கிற மாதிரி.

நான் கூடத்தைத் தாண்டிப் போனேன். அந்த அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, வெற்றிலையை எடுத்து நுனியை நேராக்கி, தட்டில் திருப்பி வைத்தேன்.